பழைய காருக்குப் பளபளப்பு ஏற்றக் கொடுக்கிறீர்களா? காசு கொடுக்கும் முன் துடைத்துப் பாருங்கள்

பழைய வண்டியை 'பெயின்ட் கரெக்‌ஷன்', 'செராமிக் கோட்டிங்' என்று (கீறலையும் கறையையும் பாலிஷால் தேய்த்து எடுப்பது, மேலே பாதுகாப்புப் பூச்சு போடுவது) கடையில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு டீட்டெய்லிங் கடையில் 18,500 ரூபாய் கொடுத்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த கம்பெனி பெயின்ட்டை பானெட்டில் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, முடியும் வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. இதே வித்தையைக் காட்டும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

வண்டி 1998 மாடல் மாருதி ஜென், சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் மைக்ரோஃபைபர் துணியுமாக உட்கார்ந்துவிடுவது என் பொழுதுபோக்கு. களிமண் பார் தேய்த்து ஒட்டிய அழுக்கை எடுப்பது, கையால் பாலிஷ் போடுவது, சின்ன டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின் ஓட்டுவது எல்லாம் கைவந்த வேலைதான். ஆனால் கூரையில் போர் தண்ணீர்க் கறை ஆழமாக இறங்கியிருந்தது, என் மெஷினுக்கு அது அடங்கவில்லை. வீட்டில் வெயில் படாத இடமும் கிடையாது. எஃப்.சி. புதுப்பித்த கையோடு ஒருமுறை நல்ல கடையில் முழுசாகச் செய்துவிடலாம் என்றுதான் கொடுத்தேன்.

இந்த வண்டியின் பெயின்ட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், வம்பே அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கும். பாலிஷ் போடும்போது தேய்வது அந்தப் படலம்தான், நிறம் அடியில் பத்திரமாக இருக்கும். என் ஜென்னில் அது இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. இதை சிங்கிள் ஸ்டேஜ் என்பார்கள். கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். வெள்ளைத் துணியில் துளி பாலிஷை வைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேய்த்தால் துணி சிவப்பாகும். துணி வண்டியின் நிறத்துக்கு மாறினால் சிங்கிள் ஸ்டேஜ், மாறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது.

இந்த வகைச் சிவப்பு வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும், விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். புற ஊதாக் கதிர் பெயின்ட்டில் உள்ள பிசினைச் சிதைப்பதால் மேலே நிற்கும் செத்த அடுக்கு அது. அதை மட்டும் பக்குவமாக எடுத்தால் அடியில் அசல் சிவப்பு அப்படியே இருக்கும். பழைய வண்டியில் வேலை செய்வதன் ருசியே அதுதான். ஆனால் கூரையிலும் பானெட்டிலும் என் வண்டிக்கு இருந்த மொத்தக் கனமே பிரைமரோடு (தகரத்தின் மேல் அடிக்கும் அடிப்பூச்சு) சேர்த்து 95 முதல் 105 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தாளுக்குள்தான் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன். கிளியர் கோட் கிடையாது, பானெட் மடிப்புகளிலும் கதவு ஓரங்களிலும் டேப் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள், ரோட்டரியில் (ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பாலிஷ் மெஷின்) கம்பளி பேட் போடாதீர்கள், எவ்வளவு கறை போகிறதோ அவ்வளவு போதும் என்று. நண்பரிடம் பெயின்ட் மீட்டர் வாங்கி, எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் என்று குறித்த தாளின் படத்தையும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரலும், "பார்த்துக்கலாம் சார், நம்ம பசங்க எக்ஸ்பர்ட்" என்று ஒரு வரியும் வந்தது. மூன்று கட்டப் பாலிஷ், மேலே 9எச் செராமிக் கோட்டிங், ஐந்து வருட வாரண்டி. பேசிய விலை 18,500.

வண்டியை எடுக்கப் போனபோது நிஜமாகவே கண்ணைப் பறித்தது. தேன்கூடு மாதிரி எல்.இ.டி. விளக்கு போட்ட அறை, அதன் கட்டங்கள் பானெட்டில் கோடு பிசகாமல் தெரிந்தன. ஆனால் கதவுக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் ஒரு ஃபைனல் வாஷ் பண்ணோம்ணா" என்றான் பையன். கோட்டிங் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். இன்று காலையிலாம். செராமிக் என்று சொல்லப்படுகிற எந்தக் கோட்டிங்கும் போட்ட பிறகு பல மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, பெரும்பாலான டப்பாக்களில் ஒரு நாள் என்றே போட்டிருக்கும். முழுக்க இறுக ஒரு வாரம் வரை ஆகும், அதுவரை ஷாம்பு தொடக்கூடாது. காலையில் போட்டு மதியம் கழுவினால் அது கோட்டிங்கே இல்லை. இதைச் சொன்னதும், "இது புது டெக்னாலஜி சார், இன்ஸ்டன்ட் க்யூர்" என்றார் முதலாளி. பாக்கிப் பணத்தைக் கட்டாமல் சாவி தர மாட்டார்கள். கட்டினேன்.

அடுத்தடுத்த இரண்டு வாஷில் வேஷம் கலைந்துவிட்டது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பானெட் முழுக்க விசிறி விசிறியாக நிழல் ஆடியது, நாம் நகர்ந்தால் அதுவும் கூட நகர்ந்தது. ஹாலோகிராம் என்பார்கள். ரோட்டரியில் கம்பளி பேட் மாட்டி முரட்டு காம்பவுண்டால் (சொரசொரப்பான பாலிஷ் பசை) அறுத்துவிட்டு, அதன் கீறலை எடுக்க அடுத்த கட்டப் பாலிஷ் போடாமல் விட்டால் வருவது. அப்படியானால் முதல் நாள் அது தெரியாதது எப்படி? எண்ணெயும் ஃபில்லரும் கலந்த கிளேஸ் ஒன்றை மேலே பூசிவிட்டால் கீறலெல்லாம் அடைபட்டு மறைந்துபோகும், தண்ணீரிலும் ஷாம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து கூரையில் ஒரு சாண் இடத்தில் துடைத்தேன். துடைத்த இடம் மங்கி, கீறல் கோடுகளோடு தனியாகத் தெரிந்தது. சுற்றிலும் பளபளப்பு. 18,500 ரூபாயில் பெரும்பகுதி அந்தத் துணியோடு வந்துவிட்டது.

கிளேஸை நான் குறை சொல்லவில்லை. சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட்டுக்கு எண்ணெய்ச் சத்துள்ள பாலிஷை ஊறவிட்டு மெதுவாகத் தேய்ப்பது பழைய, நல்ல முறை. மெகுயர்ஸ் நம்பர் 7 அப்படிப்பட்ட சரக்குதான், நானே வைத்திருக்கிறேன். ஆனால் கிளேஸைப் பூசிவிட்டு செராமிக் என்று பில் போடுவதற்குப் பெயர் வேறு.

சரி, இதுவரை போனது காசு மட்டும். மீதியைக் கேளுங்கள். பானெட்டின் இடது பக்க மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு சற்றே வேறு சிவப்பாகத் தெரிந்தது, நிழலில் பார்த்தால் செங்கல் நிறம். பக்கத்து ரப்பர் பீடிங்கில் பொடிப் பொடியாகச் சிவப்புத் துளிகள், ஸ்ப்ரே அடித்த தடம். பஞ்சில் துளி தின்னர் தொட்டு அந்த இடத்தில் ஒற்றினேன். சிவப்பு அப்படியே கரைந்து வந்தது, அடியில் சாம்பல் நிற பிரைமர். சூடேற்றிப் பதித்த கம்பெனி பெயின்ட் தின்னரை ஒற்றியதற்கெல்லாம் இப்படிக் கரையாது, கரைவது டச்சப்புக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். மடிப்பு, முனை, ஓரம் எல்லாவற்றிலும் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், பேடின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். அங்கே நாலு விநாடி ரோட்டரியை நகர்த்தாமல் ஓட்டினால் போதும், பெயின்ட் போய்விடும். டேப் ஒட்டச் சொன்னதே இதற்குத்தான். போனதை மறைக்க ஒரு ஸ்ப்ரே, அதன் மேல் கிளேஸ், அதற்கு மேல் விளக்கு.

மீட்டரை மறுபடியும் வாங்கி வைத்துப் பார்த்தேன். பானெட் நடுவில் 100 இருந்த இடத்தில் 72. கதவு ஓரத்தில் 60. ஸ்ப்ரே அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் 140. பக்குவமாகச் செய்யும் ஒரு பாலிஷில் தேய்வது சில மைக்ரான்தான். ஒரே தடவையில் முப்பது மைக்ரான் போயிருக்கிறது என்றால், அந்த இடத்தில் இனி ஆயுசுக்கும் பாலிஷ் போட முடியாது.

கடைக்குப் போனேன். முதலாளி மீட்டரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இதெல்லாம் சைனா ஐட்டம் சார், நம்பாதீங்க."

"சரிங்க, உங்க மீட்டரை எடுங்க, அதுல பார்க்கலாம்."

"நம்ம கைதான் சார் மீட்டர். பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். வண்டி பழசுங்க, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

மூன்று லட்சம் மதிப்புள்ள கோட்டிங் வேலை வருகிறதாம் ஒரு நாளைக்கு, ஒரு மீட்டர் கிடையாது.

வாரண்டி அட்டையை நீட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு வரி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,500 ரூபாய்க்கு மெயின்டனன்ஸ் செய்தால்தான் வாரண்டி செல்லும், வெளியில் வாஷ் செய்த வண்டிக்குச் செல்லாது. ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் கோட்டிங் விலையைவிட வாரண்டி விலை அதிகம். அட்டையில் கோட்டிங்கின் பிராண்ட் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, வண்டி நம்பர்கூட இல்லை. நான் கேட்டு வாங்கிய பில்லில் எழுதியிருந்தது 'பாலிஷ் அண்ட் கிளீனிங்'. செராமிக் என்ற சொல்லே அதில் இல்லை. ஜிபேயில் போன பணமும் கடை அக்கவுன்ட்டுக்குப் போகவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்குப் போயிருந்தது.

9எச் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் இந்தத் தொழிலில் பாதி வியாபாரம் நடக்கிறது. 9எச் என்பது பென்சில் கணக்கு. மென்மையான பென்சில் முதல் 9எச் வரை உள்ளவற்றைப் படலத்தின் மேல் இழுத்துப் பார்ப்பார்கள், கீறாதவற்றில் மிகக் கடினமானது எதுவோ அதுதான் அதன் கடினம். வைரத்துக்கு 10 போடும் மோஸ் அளவுகோல் வேறு. இரண்டையும் குழப்பி, "வைரத்துக்கு அடுத்தபடி சார்" என்று சாவிக்கொத்தால் ஒரு சாம்பிள் பானெட்டைக் கீறிக் காட்டுவார்கள். நம் ரோட்டில் பறக்கும் மணலில் இருப்பது குவார்ட்ஸ், மோஸில் 7. பென்சில் தாங்கும் படலம் மணலைத் தாங்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. அழுக்குத் துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட வண்டியிலும் கீறல் விழும். தண்ணீர் ஒட்டாமல் ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், அதற்குத்தான் அந்தப் பூச்சு. அதுவும் ஒழுங்காகப் போட்டால்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவையாவது செய்யுங்கள். முதலில், மீட்டர் இல்லாத கடைக்குள் வண்டியை ஏற்றவே வேண்டாம். உங்கள் கண் முன்னால் வைத்துக் காட்டட்டும், எண்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டர் தகரத்தின் மேல்தான் பேசும், பிளாஸ்டிக் பம்பரில் வைத்து ஏமாறாதீர்கள். எங்காவது எண் திடீரென்று இரட்டிப்பானால் அங்கே முன்பே பெயின்ட்டோ பள்ளம் அடைக்கும் பட்டியோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். முழு வண்டிக்கும் சரி என்று சொல்லும் முன் ஒரு சின்னக் கட்டத்தில் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள், நல்ல வேலைக்காரர்கள் நாம் கேட்காமலே இதைச் செய்வார்கள். பாலிஷ் முடிந்ததும் கோட்டிங் போடும் முன் போய் நில்லுங்கள். ஆல்கஹாலால் துடைத்து, வண்டியை வெயிலுக்கு நகர்த்தி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். "துடைச்சா பாலிஷ் போயிடும் சார்" என்று யாராவது சொன்னால், அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். கோட்டிங் டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பில்லில் செய்த வேலையின் பெயரும் சரக்கின் பெயரும் எழுதினால்தான் பணம். பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள், அந்த மிச்சம் யாருக்கு என்று என் பில்லைப் பார்த்தாலே தெரியும்.

புகார் கொடுப்பது நினைத்த அளவு தலைவலி இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். கடையிலிருந்து, "கஸ்டமருக்கு ஒரு ஃப்ரீ வாக்ஸ் தருகிறோம்" என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் படங்கள், அந்த வெத்து பில், ஜிபே ரசீது, தின்னர் பஞ்சின் வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்கு அப்புறம் முதலாளி இரண்டு முறை போன் செய்து, பானெட்டை இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். அதே பையன்களிடம் மறுபடி கொடுப்பதாக இல்லை.

பானெட்டுக்கு இனி பெயின்ட் அடித்தே ஆக வேண்டும், மற்ற பாகங்களைத் தொட விருப்பமில்லை. பழைய ஜென் சிவப்பைக் கிளியர் கோட் இல்லாமல் பி.யு.வில் (பாலியூரித்தேன் பெயின்ட்) கலந்து, பக்கத்து ஃபென்டரோடு நிறம் பொருந்த அடிக்கத் தெரிந்த பெயின்டர் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மீட்டரை நான் கொண்டு வருகிறேன்.