அடுப்பை எவ்வளவு அணைப்பது? சமைக்காத உணவுக்குத் திரும்புவோருக்கு மூன்று வழிகள்

சமைக்காத உணவைக் கொஞ்ச காலம் கடைப்பிடித்து, பிறகு கல்யாண வீடு, பொங்கல், தலைதீபாவளி என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வர விட்டுவிட்டு, மறுபடி அதற்குத் திரும்ப நினைப்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் கணிசமாக இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். புதிதாகத் தொடங்குபவர் எதைச் சாப்பிடுவது என்று கேட்பார். திரும்பி வருபவருக்கு அது தெரியும். அவருக்கு வேண்டியது எதை விடுவது என்ற பட்டியல். சங்கடம் என்னவென்றால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பட்டியல் தலைகீழாக மாறுகிறது.

நம் பக்கத்தில் மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, தேங்காயும் பழமும் மட்டும் போதும் என்கிற பழைய இயற்கை உணவு முறை. சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் போன்ற இடங்களின் வழியாகத் தமிழ்நாட்டில் வேர்பிடித்தது. இரண்டு, முளைகட்டிய பயறு, கீரைச் சாறு, முந்திரிப் பால், சாலட் என்று போகும் புதுப்பாணி. ஆரோவில் பக்கமும் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் உள்ள காபிக் கடைகளிலும் இதுதான் அழகாகத் தட்டில் வருகிறது. மூன்று, பகல் முழுக்கச் சமைக்காதது, இரவில் ஒரு வேளை அடுப்பு. முதல் இரண்டு வழிக்காரர்களும் இந்த மூன்றாமவரை ஏளனமாகப் பார்ப்பார்கள். என் ஓட்டு அவருக்குத்தான்.

தீ பட்டதா படவில்லையா என்று மட்டும் பார்த்துப் பட்டியல் போடுவது பயனற்றது. அந்தப் பொருளில் தீ என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் அது நஞ்சை நீக்குகிறது. சிலவற்றில் கிருமியைக் கொல்கிறது. மற்றவற்றில் மென்மையும் மணமும் கூட்டுவதோடு சரி. இந்தக் கடைசி வகையில் மட்டுமே அடுப்பை அணைக்க நமக்கு உரிமை உண்டு.

தேங்காய்–பழ வழி

இதன் பெரிய பலம் எளிமை. சித்திரை முதல் ஆனி வரை கடலூர் மாவட்டத்தில் இருப்பவருக்கு இது தியாகமே இல்லை. பண்ருட்டிப் பலா சாலையோரம் குவிந்து கிடக்கும். நுங்கு, வெள்ளரி, மாம்பழம், இளநீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தோலை உரித்துத் தின்பவை என்பதால் கிருமி பயமும் குறைவு. வாழை, பலா, தேங்காய் மூன்றுக்கும் இயற்கையே உறை போட்டுக் கொடுத்திருக்கிறது. விடவேண்டியவற்றின் பட்டியலும் குட்டியானது: வெட்டி வைத்து விற்கும் பழத்துண்டு, ஐஸ் போட்ட சாறு, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரி, ஒரு கிராம் புரதம். ஒரு நாளைக்கு 2000 கலோரி வேண்டுமென்றால் இரண்டு டஜனுக்கு மேல் ரஸ்தாளி உள்ளே போக வேண்டும். அப்போதும் புரதம் தேவையில் பாதியைத் தொடாது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. தேங்காய் கலோரிப் பள்ளத்தை நிரப்பும். 100 கிராம் முற்றிய தேங்காயில் சுமார் 350 கலோரி இருக்கிறது. ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, புரதமோ மூன்று கிராம் சொச்சம். ஆகவே ஊறவைத்த நிலக்கடலையைச் சேர்க்காமல் இந்த வழி நிற்காது. விருத்தாசலம் பக்கத்துக் கடலை நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதை மறுத்துவிட்டு வெளிநாட்டு பாதாமைத் தேடிப் போவானேன்? கடலையில் சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது மூன்றையும் பொறுக்கி எறியுங்கள். பூசணத்தில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது என்பதால், இங்கே சமைத்தவருக்கும் சமைக்காதவருக்கும் ஒரே விதி.

இன்னொரு ஓட்டை உப்பு. இந்த வழிக்காரர்கள் பலர் உப்பையும் விட்டுவிடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு அயோடின் வருவதே அயோடின் கலந்த உப்பிலிருந்துதான். உப்பை விட்டு, கூடவே பச்சை முட்டைக்கோஸைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்பது தைராய்டுக்கு இரட்டைச் சுமை; முட்டைக்கோஸில் உள்ள சில பொருள்கள் தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடியவை. வேகவைத்தால் அந்தத் தடை குறைகிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருவருக்கும் இந்த வழி சரிவராது. முன்னவருக்குப் பலாவும் மாம்பழமும், பின்னவருக்கு இளநீரில் நிறைந்திருக்கும் பொட்டாசியமும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லாமல் இறங்கவே கூடாது.

முளைப்பயறு–சாலட் வழி

சத்துக் கணக்கில் இது முதல் வழியை எளிதாக வெல்லும். ஆனால் விடவேண்டியவற்றின் பட்டியல் இங்கேதான் மிக நீளம். தட்டு எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது.

முதலில் முளைப்பயறு. பயறு முளைக்க என்ன வேண்டுமோ, ஈரம், இளஞ்சூடு, நேரம், அதுவேதான் கிருமிக்கும் வேண்டும். விதையின் கீறலுக்குள் புகுந்த கிருமி கழுவினால் போகாது. 2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை நோய்த்தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; காரணமாகக் கண்டறியப்பட்டது முளைகட்டிய வெந்தயம். குளிர்நாட்டிலேயே அப்படியென்றால், கடலோரப் புழுக்கத்தில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்ட மூட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முளைப்பயறு வேண்டுமென்றால் வீட்டில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததுமே கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்குப் பச்சை முளை அறவே வேண்டாம்.

முளைகட்டினால் எல்லாப் பயறும் பச்சையாகத் தின்னத் தகுதி பெறும் என்ற நம்பிக்கையும் தவறு. கிருமி பயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பச்சைப்பயறு பரவாயில்லை. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்னும் புரதம் ஒரு கைப்பிடிக்கும் குறைவான விதையிலேயே கடும் வாந்தியையும் பேதியையும் வரவழைக்கும். ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அடங்கும். மொச்சையும் சோயாவும் வேகவேண்டியவையே. மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை சந்தைக்கு வரும்போது உரித்து வாயில் போடும் ஆசை எழும். குழம்பில் போடுங்கள்.

காந்தி 1929-இல் செய்து பார்த்ததும் ஏறத்தாழ இந்த வழிதான்: முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன். சோதனையை ஆர்வத்தோடு எழுதினார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்து, அதைக் கைவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அவ்வளவு மனவுறுதி உள்ளவருக்கே குடல் ஒத்துழைக்கவில்லை என்பது எனக்கு ஓரளவு ஆறுதல்.

அடுத்தது கீரைச் சாறு. பசலை வகைகளிலும் முளைக்கீரையிலும் ஆக்சலேட் என்னும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் பொருள் அதிகம். வேகவைத்து நீரை வடித்தால் அதில் ஒரு பெரும் பங்கு போய்விடும். மிக்ஸியில் அடித்துப் பச்சையாகக் குடித்தால் முழுதும் உள்ளே போகும். சிறுநீரகக் கல் வந்தவர் இதைத் தொடவே கூடாது. வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நம் ஊர் உடம்புக்குத் தினமும் ஒரு டம்ளர் பச்சைக் கீரைச் சாறு என்பது யார் சொன்ன யோசனையோ தெரியவில்லை. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை சிறிதளவு சேர்ப்பது வேறு விஷயம்.

சுரைக்காய்ச் சாறு இன்னும் கறாரானது. குடிக்குமுன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள்; கசந்தால் காயையே எறியுங்கள். கசக்கும் சுரைக்காயில் உள்ள குகர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு உயிருக்கே ஆபத்தானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து எச்சரிக்கும் அளவுக்கு நம் நாட்டில் இது நடந்திருக்கிறது. வெண்பூசணிச் சாற்றுக்கும் கசப்புச் சோதனையைச் செய்வது நல்லது.

இப்போது முந்திரி. புதுச்சேரிக் கடைகளில் 'சமைக்காத முந்திரிப் பால்' என்று கோப்பையில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கும்போது பண்ருட்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதனால் கொட்டையை ஆவியில் அவித்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். பிறகு பருப்பின் தோல் உரிய மறுபடி சூட்டில் உலர்த்துகிறார்கள். கடையில் வெள்ளை வெளேரென்று வாங்கும் பருப்பு இரண்டு முறை சூடு கண்டது. அவலும் அப்படியே: நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சியவை. கொள்கைப் பிடிப்புள்ளவர் இவற்றையெல்லாம் விடவேண்டி வரும். என்னைக் கேட்டால் விட வேண்டியதில்லை, ஏனென்றால் இவற்றில் தீ நல்ல வேலை செய்திருக்கிறது. (அந்தக் கறாரான கணக்கில் கருவாடு அடுப்பே காணாதது. அதை யாரும் இயற்கை உணவுப் பட்டியலில் சேர்ப்பதில்லை.)

காலிஃபிளவர், முட்டைக்கோஸ், லெட்யூஸ் மூன்றிலும் மடிப்புக்குள் மண்ணும், மண்ணோடு நாடாப்புழு முட்டையும் தங்கலாம். அந்த முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் நீர்க்கட்டியாக உட்கார்ந்து வலிப்பை உண்டாக்குவது நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட நோய். கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டைத் தோல் சீவிவிடலாம் என்பதால் கவலை குறைவு. கேரட்டில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் பச்சையில் குறைவாகவே உடலில் சேரும். துருவலோடு தேங்காய்ப்பூ கலந்தால் கொஞ்சம் கூடும்.

விலையைப் பற்றி ஒரே வரி: அவகாடோவும் பாதாமும் இல்லாமல் இந்த வழி நடக்காது என்று சொல்பவர் வியாபாரம் செய்கிறார்.

ஒரு வேளை அடுப்பு

பாதிப் பாதி என்பது கோழைத்தனம் என்று முதல் இரண்டு வழிக்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த மாவட்டத்தில்தான் வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உணவில் அவரைவிடக் கட்டுப்பாடு சொன்னவர் குறைவு. கிழங்குகளில் அவர் கருணையை மட்டும்தான் அனுமதித்தார். அந்தக் கருணையோ பச்சையாகத் தின்ன முடியாதது; ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அரித்தெடுக்கும். சேப்பங்கிழங்கும் அதே சாதி. மரவள்ளி இன்னும் மோசம்: பச்சைக் கிழங்கைக் கடித்தால் அதிலுள்ள பொருளிலிருந்து சயனைடு வெளியாகும். தோலுரித்து வேகவைத்து நீரை வடித்தே ஆக வேண்டும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கை வேகவைத்தாலும் பயனில்லை, குப்பையில் போட வேண்டியதுதான்.

ஆக இந்த வழியில் பிரிவினை தெளிவாக விழுகிறது. பகலில் தீயால் இழப்பு மட்டுமே உள்ளவை: கொய்யா, நெல்லி, எலுமிச்சை, வெள்ளரி, தேங்காய், வாழை, ஊறிய கடலை, வெங்காயம். கொய்யாவிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால் இவற்றைச் சமைப்பதுதான் வீண். இரவில் தீ தேவைப்படுபவை: பருப்பு, கீரை, கிழங்கு, மொச்சை, காளான், கூடவே ஒரு கரண்டி சோறு. தக்காளியை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். அதன் சிவப்பு நிறச் சத்தான லைகோபீன் வெந்தபின் எளிதாகக் கிடைக்கிறது.

வைட்டமின் பி12 கணக்கிலும் இதுவே பாதுகாப்பானது. பால், தயிர், முட்டை, மீன் எதுவுமே இல்லாத முழுப் பச்சை உணவில் பி12-க்கு நம்பத்தக்க வழி கிடையாது, மாத்திரைதான் துணை. இரவு வேளையில் காய்ச்சிய பாலில் தோய்த்த தயிரோ முட்டையோ சேர்ப்பவருக்கு அந்தக் கவலை குறைகிறது. காய்ச்சாத பாலை மட்டும் இயற்கை என்ற பெயரில் குடிக்காதீர்கள். புரூசெல்லா காய்ச்சலும் காசநோயும் அதன் வழி வரலாம். பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1999-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், நீண்டகாலம் பச்சை உணவே உண்ட 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடைப்பட்டோ நின்றோ போயிருந்தது. எடை குறைகிறது என்று மகிழும்போதே இதையும் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் சிறியதல்ல. இரவு அடுப்பு மூட்டினால் வீட்டில் மற்றவர்களுக்கு ஆவதே நமக்கும் ஆகிறது. பரோட்டாவும் அப்பளமும் எட்டும் தூரத்தில் வந்துவிடும். முழுப் பச்சைக்காரருக்கு அந்தச் சபலம் வாசலோடு நின்றுவிடும்.

எதைத் தேர்ந்தாலும் திரும்பும் வேகம் முக்கியம். சாதமும் இட்லியும் பழகிய குடலில் நார்ச்சத்தை ஒரே நாளில் கொட்டினால் வயிறு ஊதி, காற்று பிரிந்து, வீட்டில் சமாதானம் கெடும். முதலில் காலை வேளையை மாற்றி, அது பழகியபின் மதியத்தைத் தொடுங்கள்.

பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் பெருகும்போது சாக்கடையும் வயலும் ஒன்றாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியின் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர் யாரும், அதன்பின் சந்தைக்கு வந்த கீரையைப் பச்சையாகத் தின்றிருக்க மாட்டார். அந்த மாதங்களில் மூன்று வழிக்காரர்களும் உரித்துத் தின்னும் பழத்துக்கும் தேங்காய்க்கும் சுருங்கிக்கொள்வதே நல்லது. தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தை பிறந்து சந்தையில் தரை காய்ந்தபின் கொத்தமல்லியும் புதினாவும் பச்சையாகத் திரும்பலாம். காலிஃபிளவர் மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம்.