யூலிமிடா, பிரமிடெல்லிடா: எந்த நத்தையைத் தேடலாம்?

முட்டம் பாறைகளுக்கோ குளச்சல் கரைக்கோ கைலென்ஸோடு போகிறவர்களுக்கு தேட இரண்டு ஒட்டுண்ணி நத்தைக் குடும்பங்கள் உண்டு: யூலிமிடா, பிரமிடெல்லிடா. இரண்டிலும் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான்.

யூலிமிடாவுக்கு நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை போன்றவைதான் ஒட்டி வாழும் வீடு. ஓடு வழுவழுப்பாக, கண்ணாடிபோல் மினுங்கும். சிலவற்றில் லேசாக வளைந்திருக்கும். அழகென்றால் இதுதான். ஆனால் சில இனங்கள் கடல் அட்டையின் உடலுக்குள்ளேயே புகுந்து, வளர்ந்ததும் ஓட்டை இழந்து புழுப்போல் ஆகிவிடும். குஞ்சுகளுக்கு ஓடு இருப்பதால்தான் அவை நத்தை என்றே தெரிகிறது. ஜெர்மன் உயிரியலாளர் யோகான்னஸ் முல்லர் 1852-இல் பெயரிட்ட என்டோகோன்கா என்ற நத்தை இப்படிப்பட்டது.

பிரமிடெல்லிடா சிப்பி, மற்ற நத்தைகள், கடற்புழுக்களைப் பிடித்துக்கொள்ளும். அரைக்கும் பல்நாக்கு கிடையாது. ஊசிபோன்ற முள்ளால் குத்தி உறிஞ்சும். சிப்பி வாய் திறக்கும்வரை ஓட்டின் விளிம்பில் காத்திருக்கும், பொறுமைசாலி! நத்தை ஓட்டின் நுனியைப் பாருங்கள்: இளம்பருவச் சுருள் இடப்பக்கம் சுற்றி, மீதி ஓட்டின்மேல் சாய்ந்து கிடக்கும். ஆண், பெண் இரண்டும் ஓருடலில்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு பிரமிடெல்லிடாவுக்கு. சிப்பி சந்தைக்கே வருகிறது. கழுவுமுன் விளிம்பைப் பார்த்தால் போதும். கடல் அட்டையோ சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், யூலிமிடாவுக்காக அதைக் கையில் எடுக்கக் கூடாது.