தெலுக் பஹாங் மீனும் வாக்குவம் சீலரும்

பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் போய் மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நல்ல மீன் கண்ணில் பட்டால் அளவாக வாங்க மனம் வராது. அதற்காகவே பெட்டி ஃப்ரீசரும், பையிலுள்ள காற்றை உறிஞ்சி ஒட்டும் வாக்குவம் சீலரும் வாங்கினோம். சில வருடங்களாக இரண்டும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. சீலர் நல்ல சாமான்தான். ஆனால் ருசியைக் காப்பாற்றுவது, மீன் எவ்வளவு குளிர்ச்சியாக வீடு வந்தது, எவ்வளவு சீக்கிரம் உறைந்தது என்பதே.

நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். கெம்போங் (கானாங்கெளுத்தி), தொங்கோல் (சூரை) மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சு உண்டாகும். அப்புறம் உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு அரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செதில், செவுள், குடல் எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓடும் இரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டிக் கழுவுவேன். அதை விட்டால் கவிச்சி போகாது. துடுப்புகளையும் கத்தரித்துவிடுவேன், முள் குத்தினால் பைக்குள் காற்று புகுந்துவிடும். ஈர மீனை அப்படியே சீலரில் வைத்தால் தண்ணீர் ஏறி ஓரம் ஒட்டாது. அதனால் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேற்புறம் இறுகிய பிறகே பையில் போடுகிறேன்.

பரப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. சதையிலுள்ள நீரில் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் உறைகிறது. அந்தக் கட்டம் இழுத்துக்கொண்டே போனால் பனிப்படிகங்கள் பெரிதாகிச் சதையைக் கிழிக்கும். உருகும்போது சாறு வடிந்து, குழம்பில் மீன் சக்கையாகிவிடும். குவித்துக் கட்டிய பையின் நடுவில் இதுதான் நடக்கிறது. எனவே ஒரு வேளைக்கு ஒரு தட்டைப் பை, ஃப்ரீசர் மைனஸ் 18.

தெங்கிரி (வஞ்சிரம்) துண்டுகள் மூன்று மாதம் கழித்தும் பொரிக்க அருமையாக இருக்கின்றன. கெம்போங்கில் கொழுப்பு அதிகம், மெல்லக் காறும்; இரண்டு மாதத்துக்குள் சம்பாலுக்குப் போய்விடும்.

சீலர் இல்லாதவர்கள், உறைந்த மீனை ஐஸ் தண்ணீரில் முக்கி மறுபடி உறைய வைக்கலாம். இரண்டு மூன்று தடவை செய்தால் மெல்லிய பனித்தோல் மூடி, மீன் காயாது. அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி மீனை மூழ்கடிப்பார். காற்று படாது, சரி. ஆனால் உறைய நேரம் பிடிக்கும்.

பைச் சுருள்தான் தொடர் செலவு. அடுத்தடுத்து ஒட்டினால் இயந்திரமும் சூடாகி நின்றுவிடும், ஆறவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, சீலர் வாங்கிய கடையில் யாரும் சொல்லாதது: உருக்க ஃப்ரிட்ஜில் வைக்கும் முன் பையைக் கட்டாயம் வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத பைக்குள், ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடிய பொட்டுலினம் வகைக் கிருமி உண்டு. நாங்கள் முந்தின இரவே பையை வெட்டி, மீனை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறோம்.