பேட்டரி ஈபிஆர் பதிவுத் தளம்: கோவைப் பட்டறைக்காரர் பார்வையில்

ஈபிஆர் என்றால், விற்ற பேட்டரி பழசானதும் அது மறுசுழற்சிக்குப் போவதை உற்பத்தியாளரே உறுதிசெய்யும் பொறுப்பு. அதற்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பேட்டரி இணையதளத்தில் பதிவு செய்ய ஏஜென்ட் தேவையில்லைங்க. ஜிஎஸ்டி, பான், பொறுப்பாளரின் ஆதார், இறக்குமதி செய்பவர் என்றால் அதற்கான ஐஇசி எண் இவை கையில் இருந்தால் விண்ணப்பமான படிவம் 1ஏ-வை உங்கள் கணக்குப்பிள்ளையே நிரப்பிவிடுவார். தளம் தமிழில் இல்லை என்பது ஒரு குறை.

முதல் குழப்பம், யார் பதிய வேண்டும் என்பது. வேறு பட்டறையில் கட்டிய பேட்டரியை வாங்கித் தன் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றாலும், 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அவர் உற்பத்தியாளர்தான். பேட்டரி உள்ள சாமானை இறக்குமதி செய்கிறவரும் அப்படியே. அடுத்தவர் பிராண்டை அப்படியே விற்கும் டீலர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

எல்லோரும் தடுமாறுவது எடையில். பில்லில் '150 ஏஎச் ட்யூபுலர், 40 நம்பர்' என்று திறனும் (ஆம்பியர்-மணி) ரகமும் எண்ணிக்கையும்தான் இருக்கும். தளம் எடை கேட்கும். மாடலுக்குப் பத்து பேட்டரியைத் தராசில் வைத்து, ஆசிட் ஊற்றும் முன்னும் பின்னும் சராசரி குறித்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சியில் எவ்வளவு உலோகம் மீட்கப்பட்டது என்ற விகிதத்தை ஆசிட் இல்லாத உலர் எடையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆண்டுவாரியான விற்பனையை இப்படி எடையாக மாற்றிய பிறகு தளத்தைத் திறந்தால் போதும்.

வகையிலும் கவனம் வேண்டும். 5 கிலோவுக்குக் குறைவு என்பதற்காக மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி பேக்கைக் கையடக்க வகையில் போடக்கூடாது. மின்வண்டியை ஓட்டுவதற்கானது மின்வாகன வகை. இன்வெர்ட்டர் ட்யூபுலர் ஈயம்தானே என்று, வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிக்கான வாகன வகையில் சேர்ப்பதும் தப்பு, அது தொழில்துறை வகை. வகை மாறினால் மறுசுழற்சி இலக்கும் மாறும்.

'ஒருதடவை பதிஞ்சா முடிஞ்சுது' என்று சொல்லிப் பணம் வாங்குகிற ஆலோசகரை நம்ப வேண்டாம். வேலையே பதிவுச் சான்று வந்த பிறகுதான். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 30-க்குள் ஈபிஆர் திட்டமும் படிவம் 3-இல் ஆண்டுக் கணக்கும் போக வேண்டும். பழைய பேட்டரியை நீங்களே சுமந்து சேர்க்க வேண்டியதில்லை, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஈபிஆர் சான்றிதழ் வாங்கிக் கணக்கைத் தீர்க்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் நல்ல விலை கிடைக்கலாம், தளத்தில் ஒரு கிலோகூட ஏறாது.

அட்டைப்பெட்டி அச்சுக்கு சிவகாசிக்கு ஃபைல் அனுப்புவதைப் பதிவெண் வரும்வரை நிறுத்தி வையுங்கள். 2025 திருத்தத்தின்படி அந்த எண்ணைத் தாங்கிய க்யூஆர் கோடோ பார்கோடோ அச்சிட இடம் விட வேண்டும்.