எஸ்.பி. ரோடு மாடிக் கடை: அப்பாவின் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது

அப்பாவின் கணக்கு வழக்கு, தங்கை கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த 2011 டெஸ்க்டாப்பில்தான். போன வாரம் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை. சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன்.

மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. அங்கிருந்த அண்ணன் தமிழிலேயே பேசினார். முதலில் வேறு பவர் கார்டு போட்டுப் பார்த்தார். அப்புறம் 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தார். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, நன்றாக இருந்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும், அசையவில்லை. ஊதா ஒயரில் மீட்டர் வைத்தார். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 2 கூட இல்லை. "போர்டு நல்லாத்தான் இருக்குங்க." எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உள்ளே, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரம் தேங்கி நிற்கும், வீட்டில் இதைத் திறக்கவே கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

புது எஸ்எம்பிஎஸ், 3 வோல்ட் பட்டன் பேட்டரி, எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். ஒரு மணி நேரம் படியில் நிற்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு ஒரு ஸ்டூலாவது போடலாம். ராத்திரி அப்பா பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனார். அப்போதே படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டேன்.