காந்தம் ஒட்டாததெல்லாம் வெண்கலம் இல்லை

வேலூரில் கலைப்பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் 8,500 ரூபாயைத் தொலைத்தேன்.

அப்பா மண்டித் தெருவில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒரு கடையில் ஒன்பது அங்குலத்தில் ஒரு சிலை பார்த்தேன். தலையில் சும்மாடு, மேலே அரிசி மூட்டை, கையில் கொக்கி. மனசு இளகிவிட்டது. கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்தது.

"மெரினா உழைப்பாளர் சிலை செஞ்சவரோட மாணவர் செஞ்சது சார், அசல் வெண்கலம்" என்றார். அந்தச் சிலையைச் செய்த ராய் சௌத்ரி பல வருடம் சென்னை ஓவியப் பள்ளி முதல்வராக இருந்தவர். மாணவர்களுக்கா பஞ்சம்? பொய் என்று எப்படிப் பிடிப்பது? அப்புறம் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நானும் தலையாட்டினேன். வெண்கலத்தில் காந்தம் ஒட்டாதுதான், ஆனால் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாதே! இது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி ஏறும், வேணுமா?" என்றார். வேண்டாம் என்றது நான்தான்.

அப்பா கையில் வாங்கியதுமே, "என்னடா, காத்தா இருக்கு?" என்றார். எடை 1,100 கிராம். வாளி நிறையத் தண்ணீர் வைத்து முக்கினேன். வழிந்தது 600 மில்லி. அந்த 600 மில்லி அளவும் முழு வெண்கலமாக இருந்தால் எடை ஐந்து கிலோவைத் தாண்டியிருக்கும். உள்ளே கூடாக வார்த்திருந்தால் எடை குறையும், அது உண்மை. அதனால் அடியில் ஒட்டியிருந்த பச்சை வெல்வெட்டை உரித்தேன். கூடு எதுவும் இல்லை. ஆணியால் கீறியதும் சாம்பல் நிறத்தில் மாவாக உதிர்ந்தது. ரெசின் என்கிற ஒருவகை பிளாஸ்டிக். மேலே மட்டும் வெண்கலப் பூச்சு. தோளோரம் அச்சு சேர்ந்த கோடுகூட அப்போதுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் போய்க் கேட்டேன். "வெண்கலக் கலர்னுதானே சொன்னேன்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பணமும் ரொக்கமாகக் கொடுத்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நீங்கள் போனால், அடித்துணியை உரித்து ஒரு ஓரத்தில் கீறிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உள்ளே செம்மஞ்சளாக மின்ன வேண்டும். கீற விடவில்லையா, சரி என்று வந்துவிடுங்கள். பில்லில் 'வெண்கலம்' என்று எழுதி வாங்குங்கள். நூறு வருடப் பழசு என்று சொன்னால் இன்னும் உஷார். அவ்வளவு பழைய சிலை என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும், விற்பவருக்கு உரிமமும் வேண்டும்.

சிலை இப்போது அப்பாவின் ஜன்னலில் இருக்கிறது. கொக்கியைப் பிடித்திருக்கும் விதம் தப்பு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.