ஸ்டூடியோவா, கிளப்பா?

திருகோணமலையில் ஜாஸ் கேட்கிற எங்கள் சிறு கூட்டத்தில் எந்த இசைத்தட்டு மேல் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை: ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வா, பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழுவான ட்ரியோவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யா? முதலாவதிலும் ஒரு உருப்படி தவிர மீதி எல்லாவற்றிலும் பியானோ எவான்ஸ்தான். வேறுபடுவது இடமும் பதிவும்.

முதலாவது, 1959இல் நியூயோர்க்கின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டிடம். ட்ரம்பெட்டைச் சுற்றி நிற்கும் அந்த விசாலம் அங்கிருந்து வந்தது. ஆனால் மார்ச் அமர்வில் டேப் இயந்திரம் மெதுவாக ஓடிவிட்டது. அதனால் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்று ஏறி ஒலித்தது. 1992இல்தான் அது திருத்தப்பட்டது. கூடவே வாசித்துப் பழகுபவர்கள் திருத்திய பதிப்பையே வாங்குங்கள்.

மற்றது, 1961 ஜூன் 25, வில்லேஜ் வான்கார்ட் கிளப். கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் அப்படியே கேட்கும். 'மை ஃபூலிஷ் ஹார்ட்'டில் ட்ரம்ஸ் வாசிக்கும் போல் மோஷனின் பிரஷ் (குச்சிக்குப் பதிலான கம்பித் தூரிகை) சிம்பலில் உரசி அடங்கும்வரை காது பின்தொடரலாம். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பியானோவோடு சமமாகப் பேசுகிறது. இரண்டு வாரத்துக்குள் அவர் கார் விபத்தில் இறந்துபோனார்.

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் இங்கே இருக்க முடியாது. அந்த இரைச்சலில் பிரஷ் ஒலி அமுங்கிவிடும், ட்ரம்பெட் தப்பிக்கும். சரி, ஸ்பீக்கருக்கு முதலாவது. ஹெட்ஃபோன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லஃபாரோவுக்காக இரண்டாவதுதான்.